டூவல் 4கே டொக்: பெட்டியில இருக்கிற அந்த சின்ன நட்சத்திரம்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் வாங்கின டொக் (ஒரே கேபிள்ல மொனிட்டர், சார்ஜ், யூஎஸ்பி எல்லாத்தயும் லெப்டொப்போட சேக்கிற பெட்டி) நல்ல சாமான், பத்துக்கு எட்டு குடுக்கலாம், ஆனா இத வாசிச்சிட்டு நேரா கடைக்குப் போய் அதையே வாங்கிடாதீங்க. ரெண்டு 4கே மொனிட்டர் ஒழுங்கா ஓடுறது டொக் கையில பாதி தான், மீதிப் பாதி ஒங்க லெப்டொப்ல இருக்கிற அந்த யூஎஸ்பி சி ஓட்டையில இருக்கு. இத நெறைய கடையில சொல்ல மாட்டாங்க, பெட்டியிலயும் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு அடியில எறும்பு சைஸ் எழுத்துல தான் இருக்கும்.

நான் டிக்கோயா பக்கம். வீட்டுல இருந்தே தான் வேல, வெளிநாட்டுக் கம்பனி ஒண்ணுக்கு வீட்டு பிளான் வரைஞ்சு குடுக்கிறது. 14 இன்ச் லெப்டொப்ல ஒரு முழு டிரோயிங்க பாக்குறது ஜன்னல் ஓட்டை வழியா தேர் பாக்குற மாதிரி, சக்கரம் தெரியும், சாமி தெரியாது. அதனால 27 இன்ச் 4கே மொனிட்டர் ரெண்டு எடுத்தாச்சு, ஒண்ணுல டிரோயிங், மத்ததுல பிடிஎஃப், மெயில், அவங்களோட கோல். தங்கச்சியும் டிசைன் வேல செய்யிறா, அவகிட்ட இருக்கிறது அப்பிளோட எம்1 சிப் போட்ட மெக்புக் எயார். வீட்டுல மேச ஒண்ணு தான், பகல்ல அவ, ராவுல நான் (அவங்க நேரம் அப்பிடி). ஆக எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கேபிள், அத அவ லெப்டொப்ல குத்தினா அவளுக்கு ரெண்டு ஸ்கிரீன், என்னதுல குத்தினா எனக்கு ரெண்டு ஸ்கிரீன், சார்ஜும் அதுலயே ஏறணும். கேக்க லேசா இருக்கில்ல?

என்னோட லெப்டொப் கொஞ்சம் பழசு, மொனிட்டர் குத்துற எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணு இருக்கு, ஆனா அது 1.4, அதுல 4கே போட்டா 30 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 30 தடவ படம் மாறுறது) தான் வரும். 60 வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 இருக்கணும். 30 ஹேர்ட்ஸ்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு, மௌஸ வட்டமா சுத்திப் பாருங்க, அம்புக்குறி வழுக்கிட்டுப் போகாம விட்டு விட்டு குதிக்கும். படம் பாக்குறதுக்கு பரவாயில்ல, எட்டு மணி நேரம் அதுல கோடு வரைய முடியாது, கண்ணும் மண்டையும் சேந்து வலிக்கும்.

ஹட்டன் டவுன்ல ஒரு கடை இருக்கு, பேர் போடல, டவுன்ல கொம்பியூட்டர் சாமான் வாங்குறவங்களுக்கு சொல்லாமலே தெரியும். கொழும்புக்குப் போனா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசால நூறு வகை இருக்கும் தான், ஆனா கினிகத்தேன வளைவெல்லாம் தாண்டி கொண்டு வந்து குத்திப் பாத்து, ஓடலன்னா மறுபடி கொண்டு போறதுன்னா யாருக்கு முடியும். ஒன்லைன்ல எடுத்த கூட்டாளி ஒருத்தன் கதை இன்னும் மோசம், தோட்டத்து விலாசம் போட்டிருந்தான், கூரியர் டவுன்லயே நின்னு போன் அடிச்சு வந்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க, பெட்டிய தெறந்தா விளம்பரத்துல 60ன்னு இருந்தது சாமான்ல 30, திருப்பி அனுப்பக் கேட்டா விக்கிறவன் மெசேஜ பாத்துட்டு பதிலே போடல.

நம்ம கடைக்கார அண்ணே அப்பிடி இல்ல. போன்ல கேட்டப்பவே, "தம்பி, லெப்டொப்பயும் கொண்டு வாங்க, இங்கயே போட்டுப் பாத்துட்டு பொறகு காசு குடுங்க"ன்னுட்டாரு. இந்த ஒரு காரணத்துக்காகவே கடைக்கு பத்துக்கு ஒம்பது.

கடையில ரெண்டு டொக் இருந்திச்சு. மொதலாவது விலை கொறஞ்சது, எம்எஸ்டி வகை, அதாவது லெப்டொப்ல இருந்து வர்ற ஒரு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல (எச்டிஎம்ஐ மாதிரி படம் அனுப்புற இன்னொரு முறை) ரெண்டா பிரிச்சு ரெண்டு மொனிட்டருக்கு குடுக்கிறது. பெட்டியில பெரிசா "டூவல் 4கே 60 ஹேர்ட்ஸ்", மேல நட்சத்திரம். கடை கண்ணாடி ஓரமா இருந்த 4கே மொனிட்டர் ஒண்ணையும், உள்ள இருந்து இன்னொண்ணையும் எடுத்து வச்சு என் லெப்டொப்ல குத்தினாரு. ஒரு மொனிட்டர் 4கே வந்திச்சு, ஆனா செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய் பாத்தா 30 ஹேர்ட்ஸ். ரெண்டாவது மொனிட்டர் 4கே பக்கமே வரல. சரி டொக் சரியில்லன்னு நான் கேபிள கழட்டப் போனேன், அண்ணே "பொறுங்க தம்பி"ன்னுட்டு பில் போடுறதுக்கு வச்சிருந்த அவரோட புது லெப்டொப்ப இழுத்து அதே டொக், அதே கேபிள், அதே ரெண்டு மொனிட்டர், கொண்டு வந்து குத்தினாரு. ரெண்டும் 4கே, ரெண்டும் 60. கடைக்கு வந்து ஹெட்செட் பாத்துக்கிட்டு இருந்த பொடியன் கூட நின்னு பாத்தான்.

ஏன் அப்பிடின்னா, கணக்கு லேசு தான். 4கேன்னா 3840க்கு 2160, ஒரு படத்துல 83 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், அத செக்கனுக்கு 60 தடவ அனுப்பணும்னா ஒரு மொனிட்டருக்கே 12 ஜிகாபிட்டுக்கு கிட்ட போகுது. யூஎஸ்பி சி கேபிளுக்குள்ள வேகமான பாதை நாலு இருக்கு. டொக்ல யூஎஸ்பி 3 ஓட்டையும் லேனும் (இன்டர்நெட் கேபிள் குத்துறது) இருக்கிறதால ரெண்டு பாதை அதுக்குப் போயிடும், மிச்சம் ரெண்டுல தான் படம் போகணும். லெப்டொப் பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவுல அனுப்பினா அந்த ரெண்டு பாதையில போறது 8.64 ஜிகாபிட். 60 ஹேர்ட்ஸ் அதுல எங்க அடங்கும், 30க்கு எறங்கத்தான் வேணும். 1.4ன்னா 12.96, அப்போ ஒரு மொனிட்டர் 60 இல்லாட்டி ரெண்டும் 30. 1.4 ஓட டிஎஸ்சின்னு ஒண்ணும் சேந்து இருந்தா, படத்த அமுக்கி அனுப்பும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அப்போ தான் பெட்டியில இருக்கிற அந்த ரெண்டு 60 வரும். நட்சத்திரத்துக்கு அடியில எழுதியிருந்தது இதே தான், "டிபி 1.4 டிஎஸ்சி உள்ள கணினிக்கு மட்டும்"னு (டிபின்னா டிஸ்ப்ளேபோர்ட்). பொய்யின்னு சொல்ல முடியாது, ஆனா அந்த எழுத்த வாசிக்க எனக்கு போன் கெமராவ பெரிசாக்கிப் பாக்க வேண்டியதாப் போச்சு.

மெக்புக்குக்கு அந்த டொக் இன்னும் உதவாது. மெக்ல எம்எஸ்டில ரெண்டு தனித்தனி ஸ்கிரீன் வராது, ரெண்டுலயும் ஒரே படம் தான் தெரியும். அதுக்கு மேல எம்1 எயாருக்கு வெளி மொனிட்டர் ஒண்ணு தான்னு அப்பிளே வச்சிருக்கு, எம்2வும் அப்பிடி தான், எம்3ல லெப்டொப் மூடிய மூடினா ரெண்டு, எம்4ல தான் மூடி தெறந்திருக்கும்போதே ரெண்டு. தங்கச்சிக்கு இத சொன்னப்ப அவ கேட்டது, "அப்ப அவ்வளவு காசு குடுத்து வாங்கினது எதுக்குண்ணே?" பதில் சொல்ல நான் யாரு.

இப்ப நான் வாங்கினதுக்கு வருவோம். டிஸ்ப்ளேலிங்க் வகை, உள்ள இருக்கிற சிப் டிஎல் 6950. இதே சிப்ப வச்சு நாலஞ்சு கம்பனி வேற வேற பெட்டியில விக்கிறாங்க, அதனால பிராண்ட விட அந்த நம்பர பாருங்க, 3900ன்னு இருந்தா அது பழைய சிப், ரெண்டு 4கே 60 எதிர்பாக்காதீங்க. இதோட வேல வேற மாதிரி. லெப்டொப்போட ப்ரொசசரே படத்த அமுக்கி சாதாரண யூஎஸ்பி டேட்டாவா அனுப்பும், டொக்ல இருக்கிற சிப் அத விரிச்சு மொனிட்டருக்கு குடுக்கும். ஓட்டையில டிஸ்ப்ளேபோர்ட் இருக்கா, 1.2வா 1.4ஆ, அந்தக் கேள்வியே இல்ல, பழைய சதுர யூஎஸ்பி 3 ஓட்டையில கூட ஓடும் (அதுல சார்ஜ் மட்டும் ஏறாது). என் பழைய லெப்டொப்ல ரெண்டு மொனிட்டரும் 4கே 60, தங்கச்சியோட எம்1லயும் ரெண்டும் தனித்தனியா. கடையில அத பாத்த ஒடனே காசக் குடுத்துட்டேன். விலை அந்த எம்எஸ்டி டொக்க போல ரெண்டு மடங்குக்கு கிட்ட, அது வலிச்சது தான்.

நொட்டை இல்லாம இல்ல, அதயும் சொல்லணும். டிரைவர் சொஃப்ட்வெயார் போடணும், இது மொத விசயம். கம்பனி குடுத்த லெப்டொப்னா ஐடி ஆள்கிட்ட கேக்காம போட முடியாது, அத யோசிச்சு வாங்குங்க. மெக்ல டிரைவர் போட்டதும் ஸ்கிரீன் ரெக்கோர்டிங் அனுமதி கேக்கும், குடுக்கலன்னா படம் வராது, குடுத்தா எந்நேரமும் மேல ரெக்கோர்ட் பண்ணுற அடையாளம் நிக்கும், பாக்குறவங்க பயப்படுவாங்க. கொப்பி பாதுகாப்பு உள்ள வீடியோ, அதான் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி, மெக்ல இந்த மொனிட்டர்ல கறுப்பா போயிடும். லெப்டொப் ஸ்கிரீன் மேல கொண்டு வந்து போட்டாலும் டிரைவர் ஓடுற வரைக்கும் வேல செய்யல எங்களுக்கு. தங்கச்சிக்கு இது தான் பெரிய கவலை, எனக்கு இல்ல.

வேகத்த பத்தி நேர்மையா சொன்னா, எழுத்து, கோடு, மெயில், பிரவுசர், எல்லாம் கண்ணாடி மாதிரி. பெரிய டிரோயிங்க இழுத்து நகத்தும்போது ஒரு சின்ன பின்தங்கல் இருக்கு, பழகினா மறந்துடும். யூடியூப் முழு ஸ்கிரீன்ல போட்டு பின்னால டிரோயிங்கும் ஓடினா லெப்டொப் ஃபேன் கத்தத் தொடங்கும், ஏன்னா அமுக்குற வேல முழுக்க ப்ரொசசர் தலையில. கேம் ஆடுறவங்க இந்தப் பக்கம் வரவே வேணாம். இன்னொண்ணு, லெப்டொப்ப ஓன் பண்ணும்போது பயோஸ் ஸ்கிரீன் (வின்டோசுக்கு முந்தி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) இந்த மொனிட்டர்ல வராது, வின்டோஸ் எழும்பி டிரைவர் ஓடினாத்தான் வரும், மூடிய மூடி வச்சு ஓட்டுறவங்களுக்கு அது எரிச்சல்.

கேபிள் விசயத்துல கவனம். டொக்கோட வந்த கேபிள விட்டுட்டு போன் சார்ஜர் கேபிள குத்தினா ஓட்டையில அழகா போய் இருக்கும், சார்ஜும் ஏறும், ஆனா மொனிட்டர் எம்எஸ்டி டொக்ல வரவே வராது, டிஸ்ப்ளேலிங்க்லயும் உருப்படியா வராது, ஏன்னா அதுக்குள்ள யூஎஸ்பி 2.0 கம்பி மட்டும் தான். வெளியில பாத்து வித்தியாசம் சொல்ல முடியாது. நாங்க டொக் கேபிள்ல செவப்பு நூல் ஒண்ணு கட்டி வச்சிருக்கோம், வீட்டுல யாரும் அத போனுக்கு எடுத்துட்டுப் போகாம இருக்க.

கரண்ட் பத்தி எந்த ரிவியூவுலயும் எழுத மாட்டாங்க, ஆனா நம்ம மலையில அது தான் முக்கியம். இந்தப் பக்கம் மே மாசம் பொறந்தா காத்தும் மழையும், ஒரு மரம் லைன்ல சாஞ்சா முடிஞ்சிச்சு. லெப்டொப் மட்டும்னா பெட்டரில ஓடும், டொக் வந்த பொறகு கதை மாறிடும்: கரண்ட் போனா டொக் செத்துடும், ரெண்டு மொனிட்டரும் போகும், டொக்ல லேன் கேபிள் குத்தியிருந்தா இன்டர்நெட்டும் அந்த நிமிஷமே போகும், வெள்ளைக்காரனோட கோல்ல இருக்கும்போது சட்டுன்னு காணாமப் போவீங்க. அதனால டொக்கும் ரவுட்டரும் ரெண்டும் யூபிஎஸ்ல இருக்கணும். மொனிட்டர் ஒண்ணு 30, 40 வாட் எடுக்கும், லெப்டொப் சார்ஜ் 60க்கு மேல, எல்லாம் சேத்தா 150 வாட் பக்கம், வீட்டு சைஸ் 650 விஏ யூபிஎஸ்ல பத்து நிமிஷம் தாங்கினா பெரிய விசயம். நான் மொனிட்டர் ஒண்ண மட்டும் யூபிஎஸ்ல போட்டிருக்கேன், மத்தது நேரா செவுத்துல. வேலைய சேவ் பண்ணி, "இங்க கரண்ட் இல்ல"ன்னு மெசேஜ் போட அது போதும்.

மின்னல் இன்னொரு பக்கம். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாசம் பின்னேரம் இடி தொடங்குச்சுன்னா சுவிட்ச ஓஃப் பண்ணுறது பத்தாது, பிளக்க கழட்டுங்க, லேன் கேபிளயும் சேத்து. டொக் ஒண்ணு அடிபட்டா அதோட குத்தியிருக்கிற எல்லாத்துக்கும் ஆபத்து.

எர்த் விசயமும் இருக்கு. என் டொக் மேல் மூடி அலுமினியம். மொதல் கெழம அத தொட்டா வெரல்ல ஒரு மெல்லிசான நமநமப்பு, லெப்டொப் மேல கைய வச்சாலும் அதே. டொக்கோட பிழை இல்ல, எங்க வீட்டு பழைய பிளக் பொயிண்டுல எர்த் கம்பியே இல்ல. லயத்துல, பழைய குவாட்டர்ஸ்ல நெறைய எடத்துல இப்பிடி தான். எலக்ட்ரீசியன கூட்டி வந்து எர்த் அடிச்சு, 13 அம்பியர் மூணு சதுரப் பின் பொயிண்ட் போட்ட பொறகு அது நின்னுடுச்சு. ரெண்டு லட்சத்துக்கு சாமான் வாங்குறவங்க மொதல்ல செவுத்த பாருங்க.

சூடாகுமான்னு கேக்குறீங்களா, ஆகும், ரெண்டு 4கே ஓடும்போது மூடி நல்லா சூடு. கீழ ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது பிரச்சினையா இருக்கலாம், டிக்கோயாவுல டிசம்பர் மாச ராவுல அது மேல கைய வச்சுக்கிட்டு தான் நான் வேல செய்யிறேன், அந்த எட்டுல அர மார்க் அதுக்கு. ஒரே ஒரு விசயம், மேல துணி போட்டு மூடாதீங்க, பனிக்கு ஈரம் பிடிக்கும்னு அம்மா ஒரு டவல போட்டு வச்சிருந்தாங்க, ஸ்கிரீன் விட்டு விட்டு போகத் தொடங்கிட்டுது, டவல எடுத்ததும் சரி.

வயர்லெஸ் மௌஸ் வச்சிருக்கிறவங்க அதோட குட்டி ரிசீவர டொக் பின்னால யூஎஸ்பி 3 ஓட்டையில குத்தாதீங்க, மௌஸ் இழுபடும். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 ஜிகாஹேர்ட்ஸ்ல இரைச்சல் போடும்னு இன்டெல் 2012லயே எழுதி வச்சிருக்கு. லெப்டொப்போட மத்தப் பக்க ஓட்டையில போடுங்க, இல்லாட்டி ஒரு சின்ன எக்ஸ்டென்சன் வயர் போட்டு தள்ளி வைங்க. அப்பறம் 27 இன்ச் 4கேல எழுத்து பொடியா தெரியுதுன்னு ரெசலூசன கொறைக்காதீங்க, ஸ்கேல் 150 வீதம் போடுங்க.

யாரு எத வாங்கலாம்? ஒங்க மொனிட்டர் ரெண்டும் சாதாரண ஃபுல் எச்டி 1080ன்னா, வின்டோஸ் லெப்டொப்போட ஓட்டையில படம் வருமான்னு பாத்துட்டு அந்த விலை கொறஞ்ச எம்எஸ்டி டொக்கையே எடுங்க, பழைய லெப்டொப்லயும் ரெண்டும் 60ல ஓடும், டிரைவரும் வேணாம். தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி சி வடிவத்துலயே இருக்கிற வேகமான ஓட்டை) உள்ள லெப்டொப்னா, அது 2020ல வந்தது, 40 ஜிகாபிட், ரெண்டு 4கே 60 ஓடியே ஆகணும்ங்கிறது அதோட சட்டம், அதுக்கு தண்டர்போல்ட் டொக்கே வாங்குங்க, விலை இன்னும் கூட, ஆனா டிஸ்ப்ளேலிங்கோட நொட்டை ஒண்ணும் இருக்காது. ஓட்டை பக்கத்துல மின்னல் குறி இருக்கான்னு பாருங்க. சில லெப்டொப்ல பழைய யூஎஸ்பி ஓட்டை பக்கத்துலயும் மின்னல் இருக்கும், அது போன் சார்ஜுக்கு, அத பாத்து ஏமாறாதீங்க. எங்கள மாதிரி ஒரு பழைய வின்டோசும் ஒரு எம்1, எம்2 எயாரும் ஒரே மேசையில இருக்கிற வீட்டுக்கு டிஎல் 6950 தான், வேற வழி எனக்குத் தெரியல. பெட்டியில 100 வாட்னு இருந்தா முழுசும் லெப்டொப்புக்கு வராது, டொக் தனக்கு கொஞ்சம் எடுத்துக்கும், பெரிய லெப்டொப் வச்சிருக்கிறவங்க அதயும் கேட்டு வாங்குங்க.

கடைக்குப் போறவங்களுக்கு: விலை ஒன்லைன விட கொஞ்சம் கூட தான், பேரம் பேசினா கேபிள் ஒண்ணு சும்மா குடுப்பாரு. வொரண்டி ஒரு வருசம், பில்லுல சாமானோட சீரியல் நம்பர எழுதச் சொல்லுங்க, தானா எழுத மாட்டாரு. லெப்டொப்போட சார்ஜரயும் கொண்டு போங்க, பெட்டரி கொறஞ்சா சில லெப்டொப் படத்த மங்கலாக்கி வேகத்தயும் கொறைச்சிடும், டெஸ்ட் சரியா வராது. 10ம் தேதி தோட்டத்துல சம்பளம் போட்டு அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் போகாதீங்க, போனும் சார்ஜரும் வாங்குற கூட்டத்துல அண்ணேக்கு தண்ணி குடிக்கவும் நேரம் இருக்காது, ரெண்டு மொனிட்டர எடுத்து வச்சு குத்திக் காட்ட சொன்னா கடுப்பாயிடுவாரு.